டி.டி.ஒய்-க்குப் பின்னாடி ஒரு விவசாயி மகன்

போன செமஸ்டர், மினி ப்ராஜெக்ட் ரிவ்யூ. சி-ல எழுதின ஒரு சின்ன ப்ரோக்ராம். ஹாஸ்டல் மெஸ் கணக்கு. ரூம் நம்பர் கேட்கும், எத்தனை நாள் சாப்பிட்டோம்னு கேட்கும், பில் காட்டும். டெர்மினல்ல ஓட்டினா அழகா ஓடும். ரிவ்யூ ஆச்சே, கொஞ்சம் கெத்தா இருக்கட்டும்னு முதல் நாள் ராத்திரி டெஸ்க்டாப்ல அதுக்கு ஒரு ஐகான் செஞ்சு வெச்சேன். அந்த ஐகான் ஃபைல்ல டெர்மினல்னு ஒரு வரி வரும். அதை ட்ரூன்னு மாத்தணும். மறந்துட்டேன்.

மேடம் முன்னாடி டபுள் கிளிக் பண்ணேன். ஒண்ணும் வரல. மறுபடி கிளிக். அப்பவும் வரல. கொஞ்ச நேரத்துல லேப்டாப் ஃபேன் மட்டும் மிக்ஸி மாதிரி கத்த ஆரம்பிச்சது. பின்னாடி பெஞ்ச்ல எவனோ சிரிச்சான்.

நடந்தது இதுதான். ப்ரோக்ராம் ஓடிட்டுத்தான் இருந்தது. ஆனா அதுக்கு டெர்மினல் இல்ல. ஸ்கேன்எஃப் இன்புட் கேட்குது, இன்புட் முடிஞ்சு போச்சுன்னு உடனே பதில் வருது. என் கோட் அதைத் தப்பான சாய்ஸ்னு எடுத்துக்கிட்டு மெனுவை மறுபடி பிரிண்ட் பண்ணுது. திரும்பக் கேட்குது, திரும்பப் பிரிண்ட் பண்ணுது. பார்க்க ஆளே இல்லாத இடத்துல நிக்காம மெனு காட்டிட்டு இருந்தது.

அன்னிக்கு ராத்திரி தேடினப்போ இதுக்கு மருந்து ஒரே வரின்னு தெரிஞ்சது. இஸ்ஏடிடிஒய்னு ஒரு ஃபங்ஷன். பூஜ்யம்னு ஒரு நம்பர் கொடுத்துக் கூப்பிட்டா, நம்ம ஸ்டாண்டர்ட் இன்புட்டோட மறுமுனையில டெர்மினல் இருந்தா 1, இல்லாட்டி 0 திருப்பிக் கொடுக்கும். 0 வந்தா மெனு எல்லாம் காட்டாம, சின்ன மெசேஜ் பாக்ஸ் ஒண்ணு போட்டுட்டு வெளியே வந்துடலாம். செஞ்சேன், வேலை செஞ்சது.

ஜூனியர் ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்து பார்த்துட்டு இருந்தான். டி.டி.ஒய்னா என்ன அண்ணான்னு கேட்டான். டெலிடைப்னு சொன்னேன். டெலிடைப்னா என்னன்னு கேட்டான். எனக்குத் தெரியல. நாலு வருஷமா தினமும் திறக்கிற ஜன்னல், அதோட பேருக்கு அர்த்தம் தெரியாது.

அதைத் தேடிப் போன வழியிலதான் எமில் போடோ கிடைச்சார். இந்த மாசம் இந்தப் பக்கம் அவருக்கு. பன்னிரண்டாவது வரைக்கும் இங்கிலீஷ் மீடியத்துல படிச்ச கை இது. தமிழ்ல எங்கேயாவது தடுக்கினா எடிட்டர் அக்கா திருத்திடுவாங்கன்னு நம்பி ஆரம்பிக்கிறேன்.

மான்யோ கிராமத்துப் பையன்

நம்ம தலைமுறைக்குத் தந்தின்னா ஒரு பேப்பர், இல்லாட்டி ஒரு சேனல். இந்தியாவுல தந்தி சேவையை 2013 ஜூலையில மூடினப்போ நாங்க சின்னப் பசங்க. ஆனா போடோ பிறந்த காலத்துல தந்திதான் இன்டர்நெட்.

எமில் போடோ 1845 செப்டம்பர் 11 அன்று பிரான்சின் கிழக்குப் பக்கம், ஓத்-மார்ன் மாவட்டத்தில் மான்யோ என்ற சின்ன கிராமத்தில் பிறந்தார். அப்பா விவசாயி. எமில் ஊர் ஆரம்பப் பள்ளியில் படித்தார். படிப்பு அதோடு சரி. காலேஜ் இல்லை, டிப்ளமோ இல்லை, உயர்நிலைப் பள்ளிகூட இல்லை. படிப்பு முடிந்ததும் அப்பாவோடு வயலில் இறங்கிவிட்டார்.

1869-ல் பிரெஞ்சு தந்தித் துறையில் பயிற்சி ஆபரேட்டராகச் சேர்ந்தார். அப்போது வயசு 23. கிட்டத்தட்ட நாம கேம்பஸ் இன்டர்வியூவுக்கு ஷர்ட்டை இன் பண்ணிட்டு நிற்கிற வயசு. துறை அவருக்கு மோர்ஸ் கற்றுக் கொடுத்தது. பிறகு ஹ்யூஸ் இயந்திரத்தில் நாலு மாசப் பயிற்சிக்கு அனுப்பியது. 1870-ல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் வந்தபோது கொஞ்ச காலம் ராணுவ சேவை. போர் முடிந்து 1872-ல் பாரிஸில் மறுபடி தந்தி வேலைக்குத் திரும்பினார்.

அந்த நாலு மாசப் பயிற்சிதான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்டது. மோர்ஸில் மறுமுனையில் இருப்பவர் புள்ளியும் கோடுமாகக் கேட்டு, மனசுக்குள்ளேயே எழுத்தாக மாற்றி எழுத வேண்டும். ஹ்யூஸ் இயந்திரம் அப்படி இல்லை. பியானோ மாதிரி கட்டைகள் இருக்கும். ஒரு கட்டையை அமுக்கினால் மறுமுனையில் சுற்றிக்கொண்டிருக்கும் சக்கரம் அந்த எழுத்தைக் காகிதத்தில் அச்சடிக்கும். அந்தக் காலத்துக்கு அது மேஜிக்.

ஆனால் போடோவின் கண் வேறு இடத்தில் இருந்தது. கம்பி பெரும்பாலான நேரம் சும்மா கிடக்கிறது என்பதை அவர் கவனித்தார். பல நூறு கிலோமீட்டருக்குக் கம்பம் நட்டு இழுத்த கம்பி அது. அதில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஆபரேட்டர். அவர் யோசிக்கும்போதும், அடுத்த கட்டையைத் தேடும்போதும் கம்பி காலி.

ஷேர் ஆட்டோ ஐடியா

ஒரே ஆள் முழு ஆட்டோவை எடுத்துக்கிட்டுப் போறதுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் உள்ள வித்தியாசம்தான் போடோ செய்தது. கம்பியின் நேரத்தைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டினார். முதல் துண்டு முதல் ஆபரேட்டருக்கு, அடுத்த துண்டு இரண்டாவது ஆபரேட்டருக்கு. நாலு பேர் முடிந்ததும் மறுபடி முதல் ஆள். கம்பியின் இரண்டு முனையிலும் ஒரே வேகத்தில் சுற்றும் தூரிகைகள். இங்கே தூரிகை முதல் ஆபரேட்டரைத் தொடும் அதே நேரம் அங்கே முதல் பிரிண்டரைத் தொடும். ஒரே கம்பியில் நாலு பேரின் செய்தி, ஒன்றோடு ஒன்று கலக்காமல் போகும். கம்யூனிகேஷன் பேப்பர்ல டைம் டிவிஷன் மல்டிபிளெக்ஸிங்னு மனப்பாடம் பண்றோமே, அதுவேதான்.

இதில் ஒரு சிக்கல். மோர்ஸில் ஈ என்ற எழுத்துக்கு ஒரே ஒரு புள்ளி, வேறு எழுத்துகளுக்கு நாலு சிக்னல் வரை. ஷேர் ஆட்டோவில் ஒருவர் ஒரு சீட்டும் இன்னொருவர் நாலு சீட்டும் கேட்டால் கணக்கு எப்படி ஒத்து வரும்? அதனால் எல்லா எழுத்துக்கும் ஒரே நீளம் என்று போடோ முடிவு செய்தார். ஒவ்வொரு எழுத்தும் ஐந்து சிக்னல். ஒவ்வொன்றும் இரண்டு நிலைகளில் ஒன்று. இரண்டின் ஐந்தாம் அடுக்கு 32. ஆங்கில எழுத்து 26 போனாலும் இடம் மிச்சம். எண்களுக்கு என்ன செய்வது? எழுத்திலிருந்து எண்ணுக்கு மாற ஒரு குறி, திரும்பி வர ஒரு குறி என்று வைத்தார். நம்ம கீபோர்டின் ஷிஃப்ட் செய்கிற வேலை.

அவர் எல்லாவற்றையும் வெறுங்கையிலிருந்து உருவாக்கவில்லை. இரு முனையும் ஒரே வேகத்தில் சுற்றும் வித்தை ஹ்யூஸிடமிருந்து வந்தது. கம்பியைப் பங்கு போடும் யோசனை மேயர் என்பவரின் கருவியில் ஏற்கெனவே இருந்தது. ஐந்து சிக்னல் கோடை ஜெர்மனியில் காஸும் வெபரும் முன்பே முயன்றிருந்தார்கள். மூன்றையும் சேர்த்து, கம்பியின் மறுமுனையில் அச்சாகி வரும் ஒரே இயந்திரமாக ஓட்டிக் காட்டியவர் போடோ. 1874 ஜூன் 17 அன்று காப்புரிமை எடுத்தார். வயசு 28.

இதையெல்லாம் அவர் ஆபீஸ் நேரத்தில் செய்யவில்லை. துறை ஊக்கம் கொடுத்தது உண்மை. ஆனால் உன் சொந்த நேரத்தில் செய் என்பதுதான் ஏற்பாடு. பகலில் ஆபரேட்டர் வேலை, மிச்ச நேரத்தில் கண்டுபிடிப்பு. ப்ராஜெக்டுக்கு லேப் திறந்து வைக்கலைன்னு புலம்புற நமக்கு இது கொஞ்சம் உறைக்கணும்.

ஐந்து விரல், ஒரு க்ளிக்

போடோவின் கீபோர்டைப் படத்தில் பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. மொத்தம் ஐந்தே கட்டை. இடது கைக்கு இரண்டு, வலது கைக்கு மூன்று. எந்த எழுத்துக்கு எந்தக் கட்டைகளைச் சேர்த்து அமுக்க வேண்டும் என்பது ஆபரேட்டரின் விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதாவது பைனரி கோடை மனுஷன் தன் கையாலேயே அனுப்பினான். என்கோடர் சிப் எதுவும் இல்லை. என்கோடர் அந்த ஆள்தான்.

இன்னொரு கஷ்டமும் இருந்தது. ஆபரேட்டர் தன் இஷ்டத்துக்கு டைப் அடிக்க முடியாது. தூரிகை சுற்றி அவர் முறை வரும்போது ஒரு க்ளிக் சத்தம் கேட்கும். அந்தத் தாளத்துக்குள் விரல்கள் சரியான கட்டைகளில் இருக்க வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் எழுத்து போச்சு. நிமிஷத்துக்குச் சுமார் 30 வார்த்தை வேகம். க்ளிக், எழுத்து, க்ளிக், எழுத்து என்று ஷிஃப்ட் முடியும்வரை. பரதம் ஆடுபவர் நட்டுவாங்கத்துக்குக் கால் வைப்பது போல ஆபரேட்டர் அந்த க்ளிக்குக்கு விரல் வைத்தார்.

இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டத்தில் கம்பியின் ஒவ்வொரு முனையிலும் உயிருள்ள ஒரு மனுஷன் இருந்தான். மறுமுனையில் ஆள் இருக்கிறாரா என்று யாரும் கேட்கவே வேண்டியதில்லை. ஆள் இல்லாமல் எழுத்தே வராது.

விற்கப்பட்ட தங்கப் பதக்கம்

1875-ல் தந்தித் துறை போடோவின் முறையை ஏற்றுக்கொண்டது. 1877 நவம்பர் 12 அன்று பாரிஸுக்கும் போர்தோவுக்கும் இடையே அது ஓட ஆரம்பித்தது. அந்த வருஷக் கடைசியிலேயே பாரிஸ் - ரோம் லைன், சுமார் 1,700 கிலோமீட்டர். 1878-ல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் போடோவின் இயந்திரத்துக்குத் தங்கப் பதக்கம். ஆரம்பப் பள்ளி தாண்டாத கிராமத்துப் பையனுக்கு 33-வது வயசில் உலக அரங்கில் தங்கம்.

சினிமாவாக இருந்தால் இங்கே இடைவேளை விட்டு, அப்புறம் பங்களா காட்டியிருப்பார்கள். நிஜத்தில் நடந்தது வேறு. இயந்திரத்தை மேம்படுத்த துறையிடமிருந்து போதுமான பணம் வரவில்லை. பல தடவை போடோ தன் கையிலிருந்தே செலவு செய்ய வேண்டியிருந்தது. 1880-ல், பதக்கம் வாங்கி இரண்டே வருஷத்தில், அந்தத் தங்கப் பதக்கத்தையே விற்றார்.

இதைப் படித்தபோது நிஜமாகவே கொஞ்ச நேரம் லேப்டாப்பை மூடி வைத்துவிட்டேன். அம்மாவோட வளையல் அடகுக்குப் போய் செமஸ்டர் ஃபீஸ் கட்டின வீடுகள் நம்ம கிளாஸ்லேயே எத்தனை இருக்குன்னு நமக்குத் தெரியும். தங்கம் எதற்காக வீட்டை விட்டுப் போகும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டாம். போடோ வீட்டில் அது போனது ஒரு இயந்திரத்துக்காக.

பதவி மட்டும் மெல்ல மெல்ல ஏறியது. 1880-ல் கண்ட்ரோலர், 1882-ல் இன்ஸ்பெக்டர்-இன்ஜினியர். இன்ஜினியர் என்ற அந்த வார்த்தை எந்தக் காலேஜ் சான்றிதழும் இல்லாமல் அவர் பேரோடு ஒட்டியது.

கேஸும் துப்பாக்கியும்

அதே காலத்தில் இன்னொரு பக்கம் கோர்ட் கேஸ். லூயி விக்டர் மிமோ என்பவரும் 1874-ல் ஐந்து கம்பிகளை வைத்து ஒரு தந்தி முறைக்குக் காப்புரிமை எடுத்திருந்தார். துறை அதை ஏற்கவில்லை. திருத்திக் கொடுத்தார், அதையும் ஏற்கவில்லை. கோட் முதலில் என்னுடையதுதான் என்று 1877-ல் போடோ மீது வழக்குப் போட்டார்.

முதலில் வந்த தீர்ப்பு மிமோ பக்கம். கோட் அவருடையது, போடோ செய்தது அதன் மேம்பாடு மட்டுமே என்றது கோர்ட். இரண்டு பேருக்கும் அதில் திருப்தி இல்லை. கடைசியில் அந்தத் தீர்ப்பு ரத்தாகி, வழக்குச் செலவு முழுவதையும் மிமோ கட்ட வேண்டும் என்று முடிந்தது.

மிமோ அதோடு உடைந்து போனார். காப்புரிமையை நீட்டிக்க வேண்டும், ஒரு லட்சம் ஃப்ராங்க் வேண்டும், அரசு விருது வேண்டும் என்று கேட்டார். தந்தி ஆராய்ச்சிப் பிரிவின் தலைவர் ழூல் ரேனோ தலைமையிலான குழு அதை மறுத்தது. அதைக் கேட்ட மிமோ ரேனோவைச் சுட்டுக் கொன்றார். பத்து வருஷக் கடுங்காவல், அதற்குப் பின் நாடு கடத்தல்.

இந்தப் பகுதியை எழுதலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். போடோவை ஹீரோவாவும் மிமோவை வில்லனாவும் காட்டிட்டுப் போறது சுலபம். ஆனா மிமோவும் ஒரு ஐடியாவைக் கையில வெச்சுக்கிட்டு ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினவர்தான். ஒரே வருஷத்துல ஒரே திசையில ரெண்டு பேர் யோசிச்சாங்க. ஒருத்தரோட இயந்திரம் ஓடிச்சு, ஒருத்தரோடது ஓடல. அதுக்கு விலையா உயிரைக் கொடுத்தது ரெண்டு பேரும் இல்லாத மூணாவது மனுஷன்.

மூணு மாசக் கல்யாணம்

போடோவின் சொந்த வாழ்க்கை பற்றிக் கிடைப்பது கொஞ்சம்தான். கிடைத்த கொஞ்சமும் கனமாக இருக்கிறது. தந்தி வேலையில் சேர்ந்த கொஞ்ச காலத்திலேயே உடம்பு படுத்த ஆரம்பித்தது. அடிக்கடி லீவு, ஒரு தடவை ஒரு மாசம் வரை. அந்தத் தொந்தரவு கடைசிவரை அவரை விடவில்லை. 1890 ஜனவரி 15 அன்று, 44-வது வயசில், மரி ஜோசஃபின் என்பவரைக் கல்யாணம் செய்துகொண்டார். அதே வருஷம் ஏப்ரல் 9 அன்று அவர் இறந்துபோனார். மூணு மாசம்கூட முழுசாக இல்லை.

அதே 1890 ஆகஸ்டில் போடோ மறுபடி வேலையில் இருக்கிறார். பாரிஸ், வான், லோரியான் மூன்று ஊர்களையும் ஒரே கம்பியில் இணைத்தார். 1894 ஏப்ரலில் பாரிஸ் பங்குச் சந்தையையும் மிலான் பங்குச் சந்தையையும் ஒரே கம்பியில் சேர்த்தார். வழியில் களைத்துப்போகும் சிக்னலை வாங்கிப் புதுசாக அனுப்பும் கருவியும் அவர் செய்ததே.

மறுமுனையில் டேப்

1897-ல்தான் நம்ம கதைக்கு முக்கியமான மாற்றம். அதுவரை ஆபரேட்டர் க்ளிக்குக்கு விரல் வைத்தாரே, அந்த வேலையை ஒரு காகித நாடா எடுத்துக்கொண்டது. ஆபரேட்டர் தன் வசதிக்கு உட்கார்ந்து, தன் வேகத்தில், நாடாவில் துளை போடுவார். ஒரு வரிசைக்கு ஐந்து துளைக்கான இடம், நாடாவை நகர்த்த நடுவில் ஒரு சின்னத் துளை. பிறகு அந்த நாடாவை ஒரு ரீடரில் மாட்டினால் அது தாளம் தப்பாமல் கம்பியில் அனுப்பும். ஆபரேட்டர் அந்த நேரம் டீ குடிக்கப் போயிருக்கலாம்.

மறுமுனையில் இருக்கும் இயந்திரத்துக்கு என்ன வித்தியாசம் தெரியும்? ஒன்றும் தெரியாது. அதே ஐந்து சிக்னல், அதே கம்பி. அனுப்புவது விரலா நாடாவா என்று அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல வழியில்லை. வேலை சுலபமாச்சு. கூடவே ஒரு கேள்வியும் பிறந்தது. மறுமுனையில் ஆள் இருக்கிறாரா?

என் மெஸ் பில் ப்ரோக்ராமுக்குப் புரியாமல் போனது இந்தக் கேள்விதான்.

போடோவின் முறை அதற்குள் நாடு நாடாகப் போய்விட்டிருந்தது. 1887-ல் இத்தாலி, 1895-ல் நெதர்லாந்து, 1896-ல் சுவிட்சர்லாந்து, 1897-ல் ஆஸ்திரியாவும் பிரேசிலும். அதே வருஷம் லண்டன் - பாரிஸ் லைனில் பிரிட்டிஷ் தபால் துறை. 1900-ல் ஜெர்மனி. 1903 மார்ச் 28 அன்று, பாரிஸுக்குப் பக்கத்தில் ஸோ என்ற ஊரில் போடோ இறந்தார். வயசு 57. ரஷ்யா, ஸ்பெயின், பெல்ஜியம், அர்ஜென்டினா எல்லாம் அவருக்குப் பிறகுதான் அந்த முறைக்கு மாறின. அவர் பார்க்கவில்லை.

பேர் மட்டும் மிச்சம்

போடோவுக்குப் பிறகு நியூசிலாந்துக்காரர் டொனால்ட் மர்ரே கோடை மாற்றி அமைத்தார். ஐந்து கட்டையை எடுத்துவிட்டு டைப்ரைட்டர் மாதிரி கீபோர்டு வைத்தார். அடிக்கடி வரும் எழுத்துக்குக் குறைவான துளை வருகிற மாதிரி செய்தார். வரியின் ஆரம்பத்துக்குப் போ, அடுத்த வரிக்கு நகர் என்ற இரண்டு கட்டளைகளையும் சேர்த்தார. கேரேஜ் ரிட்டர்ன், லைன் ஃபீட். விண்டோஸ்ல எழுதின ஃபைலை லினக்ஸ்ல திறந்தா வரிக்கடைசில விசித்திரமா ஏதோ வருமே, அந்தத் தலைவலிக்கு மூலம் இங்கேதான்.

இந்த வழியில் வந்த இயந்திரங்கள்தான் டெலிபிரிண்டர்கள். அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. நீ யார் என்று கேட்கவே தனியாக ஒரு குறி. அதை அனுப்பினால் மறுமுனை இயந்திரத்துக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளை தானாகச் சுற்றி, அந்த நிலையத்தின் அடையாளத்தைத் திருப்பி அனுப்பும். அந்த அறையில் ஆள் தூங்கினாலும் பதில் வரும். மறுமுனையில் சரியான இயந்திரம் இருக்கிறதா என்று தெரிந்துகொண்டு செய்தியை அனுப்பலாம்.

1926-ல், தந்தி சிக்னலின் வேகத்துக்கு அலகாக அவர் பேரின் முதல் பாதி வந்தது. பாட். ஆர்டினோவில் சீரியல் மானிட்டர் திறக்கும்போது 9600 என்று போடுவோமே, அந்த பாட் ரேட் இவர்தான். வைவாவுக்கு ஒரு குறிப்பு: பாட் என்பது ஒரு செகண்டில் எத்தனை சிம்பல் போகிறது என்ற கணக்கு, எத்தனை பிட் என்பது அல்ல. ஒரு சிம்பலில் ஒரே பிட் இருந்தால் மட்டும் இரண்டும் ஒன்று.

அமெரிக்காவில் டெலிடைப் என்பது ஒரு கம்பெனியின் பேர். பிறகு அந்த வகை இயந்திரத்துக்கே பேராகிவிட்டது. 1969-ல் பெல் லேப்ஸில் யூனிக்ஸ் பிறந்தபோது கம்ப்யூட்டரோடு பேச ஸ்க்ரீன் இல்லை, இந்த டெலிடைப்தான். டக்டக்கென்று காகிதத்தில் அச்சடிக்கும். டெலிடைப்ரைட்டர் என்பதைச் சுருக்கி டி.டி.ஒய் என்று வைத்தார்கள். 1979-ல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் இஸ்ஏடிடிஒய் வந்தது. மறுமுனை டி.டி.ஒய் இல்லாதபோது வரும் எர்ரருக்கு அந்தக் காலத்தில் இருந்த விளக்கம், இது டைப்ரைட்டர் இல்லை என்பது. எர்ரர் பேர் இன்னும் ஈநாட்டிடிஒய்தான். டைப்ரைட்டர் மியூசியத்துக்குப் போயும் எர்ரர் போகவில்லை.

சரியான கேள்வி

இப்போ என் ப்ராஜெக்டுக்குத் திரும்புறேன். நான் முதல்ல தேடினது, ப்ரோக்ராமை டெர்மினல்ல இருந்து ஓட்டினாங்களா, ஐகானைக் கிளிக் பண்ணாங்களான்னு கண்டுபிடிக்க. இஸ்ஏடிடிஒய் அதுக்குப் பதில் சொல்லாது. டெர்மினல்லேயே உட்கார்ந்து, ஒரு ஃபைலை பைப் போட்டு என் ப்ரோக்ராமுக்குக் கொடுத்தா அது 0-ன்னுதான் சொல்லும். ஏன்னா இன்புட்டோட மறுமுனையில இருக்கிறது விரல் இல்ல, நாடா. ஐகானைக் கிளிக் பண்ணி, டெர்மினல் ஆப்ஷன் ட்ரூவா இருந்தா 1-ன்னு சொல்லும். டிஸ்ப்ளேங்கிற என்விரான்மென்ட் வேரியபிளைப் பார்த்தாலும் ஸ்க்ரீன் இருக்குன்னு மட்டும் தெரியும், எங்கிருந்து கிளம்பினோம்னு தெரியாது.

இன்புட், அவுட்புட் ரெண்டையும் திருப்பி விட்டிருந்தாலும் பின்னாடி டெர்மினல் ஒண்ணு இருக்கான்னு பார்க்கணும்னா /டெவ்/டிடிஒய் ஃபைலைத் திறந்து பார்க்கலாம். இல்லாட்டி திறக்காது. விண்டோஸ்ல கதை வேற. அங்க டபுள் கிளிக் பண்ணா கருப்பு ஜன்னல் ஒண்ணு மின்னி மறையும். அந்த கன்சோல்ல எத்தனை ப்ராசஸ் ஒட்டியிருக்குன்னு கேட்க ஒரு ஃபங்ஷன் இருக்கு. நாம மட்டும் தனியா இருந்தா, பெரும்பாலும் யாரோ ஐகானைக் கிளிக் பண்ணியிருக்காங்க. அப்போ மூடுறதுக்கு முன்னாடி ஒரு கீ அமுக்கச் சொல்லிக் காத்திருக்கலாம்.

ஆனா இவ்வளவு தேடினதுக்கு அப்புறம் எனக்குப் புரிஞ்சது, எனக்கு அந்தப் பதிலே தேவையில்லை. எங்கிருந்து கிளம்பினோம்ங்கிறது முக்கியம் இல்ல. கேள்வி கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்கா? காட்டினா பார்க்க ஆள் இருக்கா? இந்த ரெண்டையும் தனித்தனியா கேட்கணும். இன்புட்டுக்கு ஒரு தடவை, அவுட்புட்டுக்கு ஒரு தடவை. எல்எஸ் கமாண்ட் தினமும் இதைத்தான் செய்யுது. டெர்மினல்னா பக்கம் பக்கமா அடுக்கிக் காட்டும், பைப்னா வரிக்கு ஒரு பேர். பார்க்கிறது மனுஷனா, இன்னொரு ப்ரோக்ராமான்னு பார்த்து நடந்துக்குது.

ரெண்டாவது ரிவ்யூல மேடம் அவங்களே ஐகானைக் கிளிக் பண்ணாங்க. இந்த ப்ரோக்ராமை டெர்மினலில் திறக்கவும்னு சின்னதா ஒரு பாக்ஸ் வந்தது. ஃபேன் கத்தல. பெரிய கைதட்டல் எல்லாம் இல்ல, அடுத்த ஸ்லைடுக்குப் போங்கன்னு சொன்னாங்க.

பிளேஸ்மென்ட் சீசன் இது. பத்தாவதுல இவ்வளவு, பன்னிரண்டாவதுல இவ்வளவு, அரியர் இருக்கக் கூடாதுன்னு மெயில் வரும்போதெல்லாம் எனக்கு இப்போ மான்யோ கிராமம் ஞாபகம் வருது. அந்த லிஸ்ட்ல போடோ பேர் முதல் ரவுண்டுலேயே கழிஞ்சிருக்கும். படிப்பு வேண்டாம்னு சொல்ல வரல. போன வாரம் ஷார்ட்லிஸ்ட்ல பேர் வராம ரூம் கதவைச் சாத்திக்கிட்டு இருந்தானே நம்ம ஃப்ளோர் பையன், அவன் இதைப் படிக்கணும்னுதான் எழுதினேன்.

அப்புறம் அந்த ஜூனியர் தம்பிக்கு: டி.டி.ஒய்னா என்னன்னு கேட்ட இல்ல, இதான் பதில். கொஞ்சம் நீளமாயிடுச்சு.